அஞ்சலை அக்காவின் குசினி பாரிட்டில் விழுந்த கதை

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் இருந்தது. அதனால் நல்ல பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்வோம். பேச்சுவாக்கில் அதில் ஒருத்தி சொன்னாள்: "அக்கா, இப்ப புது சாப்ட்வேர் வந்துடுச்சு. படத்தையும் மேப்பையும் அதுவே பொருத்திடும். ஒரு பட்டன் தட்டுனா போதும் லா. நீங்கெல்லாம் இத்தன வருசம் ஆபீஸ்ல என்னாதான் செஞ்சீங்க?"

அவளுக்கு மட்டும் சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தாள், முகம் சுளித்தாள், காரணம் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகும் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. என்னதான் செய்தோம் என்று எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு சின்ன நில அளவை ஆபீசில் வேலை பார்த்தேன். என் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'கலா மேப் ஆபீசில் இருக்கிறாள்' என்பது மட்டும்தான். அதனால் எந்த ஊரில் யார் வழி தவறினாலும் எனக்குத்தான் போன் வரும். "கலா, ஒரு பெட்ரோல் கடை தெரியுது, பக்கத்துல ஒரு பலா மரம் இருக்கு, இடமா வலமா?" என்பார் என் மாமா. எந்த ஊர் என்று சொல்லவே மாட்டார். நானோ இரவுச் சந்தைக்குப் போனால் காடியை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் மூன்று தெருவைச் சுற்றுகிற ஆள். என் வீட்டுக்காரர் இதைக் கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும், அவருக்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை.

என் வேலை வழி சொல்வது அல்ல. வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருக்கும். மரம், கூரை, ரோடு, காயப்போட்ட துணி எல்லாம் அதில் தெரியும், ஆனால் அந்த இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று படத்துக்கே தெரியாது. இன்னொரு பக்கம் கோடுகள் இருக்கும். நிலத்தில் எல்லைக் கல் நட்டு, அளந்து, கணக்குப் போட்டு வரைந்த லாட்டுக் கோடுகள், அதாவது ஒவ்வொரு மனையின் எல்லை. அவற்றுக்குத் தங்கள் இடம் துல்லியமாகத் தெரியும், ஆனால் உள்ளே வீடு இருக்கிறதா மாடு இருக்கிறதா என்று தெரியாது. படத்துக்கு ராஸ்டர் என்றும் கோட்டுக்கு வெக்டர் என்றும் பெயர். இந்தக் கோட்டின் மேல் அந்தப் படத்தைச் சரியாக உட்காரவைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

பயிற்சி என்று பெரிதாக எதுவும் கிடையாது. முதல் சில வருடங்கள் பழைய தீம்பாரு வரைபடங்களை, அதாவது தோட்டத்து வரைபடங்களை, ஸ்கேன் செய்து கோடு போட்டோம். அந்தத் தாள்கள் மடங்கியிருக்கும், சுருங்கியிருக்கும், எந்தக் காலத்தில் கணக்கெழுதிய கிராணியோ குடித்த கோப்பியின் கறை இருக்கும். என்னோடு வேலைக்குச் சேர்ந்த ரவி அப்படி ஒரு கறையை ஏரி என்று நினைத்துச் சுற்றிவர அழகாகக் கோடு போட்டு நீல நிறமும் கொடுத்துவிட்டான். நான் என் பங்குக்குத் தஞ்சோங் டாவாய் படத்தைப் பொருத்தும்போது மீன்பிடிக் கிராமம் மொத்தத்தையும் கடலுக்குள் வைத்தேன். எங்கள் மேலதிகாரி தம்புராஜ் சார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல கலா, வேலைக்குப் போறதுக்கு அவங்களுக்குக் கிட்டக்கவே இருக்கு" என்றார். திட்டியிருந்தால்கூட அத்தனை வெட்கமாக இருந்திருக்காது.

தம்புராஜ் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். கம்ப்யூட்டர் திரையையும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பார். பெரிதாக்கும் பட்டன் இருக்கிறது சார் என்று நாங்கள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டோம். "அது கம்ப்யூட்டரு காட்டுறது, இது நான் பார்க்கிறது" என்பார்.

ராஸ்டர், வெக்டர் என்ற சொற்கள் அவர் வாயில் வந்ததே இல்லை. அவருக்குப் படம் என்றால் மாப்பிள்ளை, கோடு என்றால் பொண்ணு. இரண்டும் சேரப் பொருத்தம் பார்க்க வேண்டும். படத்திலும் தெரிந்து நிலத்திலும் அளந்த புள்ளிகளுக்குத்தான் அவர் பொருத்தம் என்று பெயர் வைத்திருந்தார். "மாப்பிள்ளைய எவ்வளவு வேணும்னாலும் இழு, திருப்பு, நீட்டு. அவன் வளைஞ்சு குடுப்பான். பொண்ணு மேல கை வெச்சே, வேலையை விட்டுத் தூக்கிருவேன்" என்பார். எல்லைக் கோடு சட்டம். படம் வெறும் படம். ஆபீசுக்கு வந்த ஒரு வங்கி அதிகாரி இதைக் கேட்டுவிட்டு, நாங்கள் கல்யாணத் தரகும் பார்க்கிறோம் என்று நினைத்துத் தன் மகன் ஜாதகத்தை அனுப்பிவைத்தார்.

பொருத்தம் பார்க்கவும் அவருக்கு விதிகள் உண்டு. கூரையை எடுக்கக் கூடாது, உயரமான பொருள் படத்தில் சாய்ந்து தெரியும். மரத்தை எடுக்கக் கூடாது, வளரும். நிழலைத் தொடவே கூடாது. ஒருமுறை ரவி திடலின் நடுவே பளிச்சென்று வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று அதைப் பொருத்தமாக எடுத்துவிட்டான். மறு வாரம் எடுத்த படத்தில் அது திடலின் அந்தக் கோடியில் புல் தின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் தவறான புள்ளிக்கு மாடு என்று பெயர்.

வேலை முடிந்தது என்று நாங்கள் சொன்னதும் சார் பின்னால் வந்து நிற்பார். படத்தை மறைத்துக் கோட்டை மட்டும் காட்டச் சொல்வார், பிறகு இரண்டையும் சேர்த்துக் காட்டச் சொல்வார். மறை, காட்டு, மறை, காட்டு. கல் மதில் கோட்டின் மேல் அசையாமல் நின்றால் நாக்கைத் தட்டி 'ட்சக்' என்று ஒரு சத்தம் போடுவார். அந்த ட்சக் வரும்வரை யாரும் காலைப் பசியாறப் போக முடியாது. பல நாட்கள் பசியாறலும் மதியச் சாப்பாடும் எங்களுக்கு ஒன்றாகவே முடிந்திருக்கின்றன.

இப்போது சிடாம் கிரி விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சிடாம் கிரிப் பக்கம் ஒரு பழைய தோட்டம் கைமாறியது. ஒரு காலத்தில் ரப்பர் பால் வெட்டும் கித்தாத் தோட்டமாக இருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது. அங்கே வரிசையாக வீடு கட்டிக் காலங்காலமாக இருந்த நம் ஆட்களுக்கு, அவரவர் வீடு இருக்கிற லாட்டை அவரவர் பெயரிலேயே பட்டா எழுதித் தருவதாகப் புதிய முதலாளி ஒத்துக்கொண்டார். கெரான் என்று சொல்வார்களே, அந்த நிலப் பத்திரம். கொடுப்பதற்கு முன் ஒரே நிபந்தனை இருந்தது. வீடு லாட்டுக் கோட்டுக்குள் இருக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே, அரசாங்க வாய்க்கால் நிலத்தில் இருந்தால் கெரான் கிடையாது. டிரோன் விட்டுப் படமெடுத்துக் கோட்டோடு பொருத்திக் காட்டும் வேலை எங்களுக்கு வந்தது.

வழக்கமாகப் பத்துப் பொருத்தமாவது இல்லாமல் சார் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அங்கே சுற்றிலும் செம்பனை. மேலிருந்து பார்த்தால் மட்டையைத் தவிர ஒன்றும் தெரியாது. வெட்டவெளியாகக் கிடைத்தவை நாலே இடங்கள்: பள்ளித் திடல், பழைய தராசுக் கொட்டகை, முச்சந்தி, பாரிட் ஓரத்து முனீஸ்வரர் கோயில். பாரிட் என்றால் அந்த வீட்டு வரிசையின் கடைசியில் ஓடும் பெரிய வாய்க்கால். நாலு மூலையிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையை வைத்து, ஜிபிஎஸ் கம்பத்தை ஊன்றி, இடத்தை அளந்துகொண்டு வந்தோம். மழை பிடித்துக்கொண்டதால் டிரோனை மறுநாள்தான் விட முடிந்தது.

ரவி படத்தைப் பொருத்தினான். "அக்கா, இந்தக் கோயில் பலகைய பாருங்க, நட்ட நடுவுல செவப்பா ஒரு புள்ளி தெரியுது. எவ்வளவு வசதியா இருக்கு!" என்று சந்தோஷப்பட்டான். கேமராவில் தூசி என்று நினைத்தேன். சார் வந்து ட்சக் போடுவதற்கு முன்பே, தோட்ட ஆபீஸ்காரர்கள் அவசரம் அவசரம் என்று அந்த வரைவுப் படத்தை வாங்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் எங்கள் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு குடை உள்ளே வந்தது. பின்னாலேயே அஞ்சலை அக்கா வந்தார். வரிசையின் கடைசி வீடு அவருடையது. புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. புட்டுமாயம், அதான் இடியாப்பம், அவித்துக் காலையில் குருண் சந்தையில் விற்கிறவர்.

"இதுல யாரு என் குசினியத் தூக்கி பாரிட்டுல போட்டது?" என்றார்.

ரவி மெதுவாக மேசைக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்தான்.

படத்தைத் திறந்து பார்த்தோம். அவர் சொன்னது நிஜம். அக்காவின் குசினி, அதாவது சமையல்கட்டு, முழுவதும் கோட்டைத் தாண்டி வாய்க்கால் நிலத்தில் கிடந்தது. அவருடையது மட்டுமல்ல. வரிசையிலிருந்த வீடுகள் எல்லாமே பாரிட் பக்கமாக நகர்ந்திருந்தன. தூரத்து வீடுகள் கொஞ்சம், கோயிலை நெருங்க நெருங்க அதிகம். பக்கத்து வீட்டு மாரிமுத்துவின் குளிக்கும் அறை அப்படியே அக்காவின் லாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

"அவன் வேற காலையில வாளியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறான் சார். 'அக்கா, குளிச்சுக்கட்டுமா'ன்னு பர்மிசன் கேக்குறான். நானும் சீக்கிரம் குளிச்சுட்டுப் போன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள இவன், தன் லாட்டுல வந்துருச்சுன்னு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரனோட வெறகுக் கொட்டாய்ல பூட்டு போட்டுட்டான். லைன் முழுக்க ஒரே கூத்தா இருக்கு" என்றார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "கொட்டாய்க்காரனுக்குக் கொட்டாய் போனா வேற கட்டுவான். எனக்குக் குசினிதான் சார் வீடு. அது இல்லேன்னா புட்டுமாயம் இல்ல, கெரானும் இல்ல. ஒடைக்க வந்துருவாங்கன்னு பெரிய அடுப்ப குருண்ல தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

ரவி மேசைக்குக் கீழேயிருந்து தலையை நீட்டினான். "சார், எல்லா வீடும் ஒரே பக்கமாத்தான் போயிருக்கு. கோட்டக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிட்டா..."

"பொண்ணு மேல கை வெக்கச் சொல்றியா?" என்றார் சார்.

அஞ்சலை அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சார் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பிழைக் கணக்கைப் பார்த்தார். பொருத்தம் சரியில்லை என்றால் எந்தப் புள்ளி எவ்வளவு விலகியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். வழக்கமாக மாடு ஒன்று தனியாகத் தெரியும். இங்கே நாலு புள்ளியும் ஒரே அளவு விலகலைக் காட்டின. பள்ளிக்கூடம் எவ்வளவோ அவ்வளவே தராசுக் கொட்டகை, அவ்வளவே முச்சந்தி, அவ்வளவே கோயில்.

"நாலு பேர்ல ஒருத்தன் கண்ணாடிய ஒடைச்சிருக்கான். நாலு பேரும் ஒரே மாதிரி முழிக்கிறானுங்க" என்றார் சார். நாலு மூலைக்கு நாலே புள்ளி வைத்தால் இதுதான் சிக்கல். ஒன்று செய்த தப்பை நாலும் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளும். குற்றவாளி யார் என்று கணக்கிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. ஐந்தாவது புள்ளி ஒன்று இருந்திருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும். எங்களுக்கு ஐந்தாவது கிடைக்கவில்லை.

"நேர்ல போய் நாலு பேரையும் விசாரிப்போம்" என்று சார் எழுந்தார். அஞ்சலை அக்காவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். காடி முழுக்கத் தேங்காய்ப்பூ வாசம்.

பள்ளித் திடலில் பலகை வைத்த இடத்திலேயே இருந்தது. தராசுக் கொட்டகையிலும் முச்சந்தியிலும் அப்படித்தான். கோயிலுக்குப் போனோம். நாங்கள் வைத்த இடத்தில் வெறும் புல். சார் மெதுவாகத் திரும்பினார். சில அடி தள்ளி, ஆலமரத்துக்கு முன்னால் வெட்டவெளியில், வீடுகள் இருக்கும் பக்கமாகப் பலகை கிடந்தது. நடுவில் குங்குமப் பொட்டு, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம், மேலே ஒரு சாமந்தி மாலை. முன்னால் ஒரு சுருட்டும் வைத்திருந்தார்கள்.

பூசாரி பழனி வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். "வாங்க சார், பசியாறிட்டீங்களா? உங்க பலக பத்தரமா இருக்கு. நீங்க விவரம் தெரியாம பாதையில வெச்சுட்டுப் போயிட்டீங்க."

"எந்தப் பாதையில?"

"முனி ஓடுற பாதை லா சார். கோயில்லேருந்து நேரா பாரிட் ஓரமா போறது. குறுக்க யாரும் ஒரு குச்சிகூட வெக்க மாட்டோம். சாமி வேட்டைக்குப் போறப்ப கால்ல தட்டிருச்சுன்னா உங்களுக்குத்தானே ஆகாது? அதான் நவுத்தி வெச்சேன். வெறுமனே வெக்கக் கூடாதுன்னு பொட்டும் வெச்சேன்."

"எப்ப நவுத்துனீங்க?"

"நீங்க வெச்சுட்டுப் போன அன்னிக்கு சாயங்காலமே. மழை விட்டதும் மொத வேல அதான்."

நாங்கள் அளந்தது ஓரிடம், டிரோன் பார்த்தது வேறிடம். பூசாரி பலகையை வீடுகளின் பக்கம் நகர்த்த, அந்தப் பலகையைப் பழைய இடத்தில் பிடித்து நிறுத்துவதற்காகக் கம்ப்யூட்டர் படம் முழுவதையும் பாரிட் பக்கம் இழுத்திருந்தது. ரவி சந்தோஷப்பட்ட சிவப்புப் புள்ளி குங்குமம்தான்.

சார் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பலகையின் பக்கத்தில் குந்தினார். "ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நவுத்தி வெச்சதுக்கு அப்புறம் இதை யாராச்சும் அசைச்சாங்களா?"

பூசாரிக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னா சார் பேசுறீங்க? பொட்டு வெச்சத யாரு சார் அசைப்பா?"

யோசித்துப் பார்த்தால், கல் ஊன்றிக் கான்கிரீட் போட்டிருந்தாலும் இதைவிட நம்பகமான பொருத்தம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. பலகை இப்போது கிடக்கிற இடத்தை அளந்தால் போதும், மறுபடி டிரோன் விட வேண்டியதில்லை. ரவி கம்பத்தோடு முன்னே போனான். "தம்பி, கால கழுவிட்டு வா" என்றார் பூசாரி. கழுவினான். பொட்டின் மேல் கம்பத்தை ஊன்றக் கூடாது என்று இன்னொரு சிக்கல் வந்தது. சாமியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பூசாரி உள்ளே போய், கண்ணை மூடி நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "ஊனிக்கலாம், ஆனா சுருட்டு புதுசு வெக்கணும்" என்றார். எங்கள் ஆபீஸ் செலவுக் கணக்கில் அந்த மாதம் 'கண்ட்ரோல் பாயிண்ட், சுருட்டு' என்று ஒரு வரி உண்டு. அதில் கையெழுத்துப் போட்டவர் தம்புராஜ் சார்.

ஆபீசுக்குத் திரும்பிப் புதிய அளவைப் போட்டேன். ரவியைக் கிட்டேகூட வரவிடவில்லை. பட்டனைத் தட்டியதும் படம் மெல்ல வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. விறகுக் கொட்டகை சொந்தக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. மாரிமுத்துவின் குளிக்கும் அறை மாரிமுத்துவிடம் போனது. அக்காவின் குசினி பாரிட்டிலிருந்து ஏறிக் கோட்டுக்குள் வந்து நின்றது. சார் பின்னால் நின்றார். மறை, காட்டு. மறை, காட்டு. குசினிச் சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கும் அளவு இடம்கூட மிச்சம் இருந்தது. அவருக்கு அதுவும் போதவில்லை. மறுநாள் காலையில் கம்பத்தோடு எங்களையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குசினியின் மூலைகளை நேரடியாகவே அளந்து பார்த்துவிட்டுத்தான் ட்சக் போட்டார். அஞ்சலை அக்கா அது என்ன சத்தம் என்று கேட்டார்.

"உங்க குசினி உங்களுதுதான்னு சத்தம்" என்றேன்.

அவர் உடனே வாசலுக்கு ஓடி, "டேய் மாரிமுத்து! லோரிய எடுடா!" என்று கத்தினார்.

குருணிலிருந்து அடுப்பு வந்து சேர மதியமாகிவிட்டது. புட்டுமாயம் அவிக்கும் பெரிய இரும்பு அடுப்பு, நாலு கால், தூக்க மூன்று பேர் வேண்டும். எத்தனையோ வருஷம் ஒரே இடத்தில் நின்றதால் சிமெண்டுத் தரையில் நாலு காலுக்கும் நாலு குழி விழுந்திருந்தது. மாரிமுத்துவும் ரவியும் பூசாரியும் மூச்சுப் பிடித்துத் தூக்கி வந்து இறக்கினார்கள். மூன்று கால் குழிக்குள் இறங்கியது. நாலாவது கால் வெளியே நின்று அடுப்பு ஆடியது. சார் தரையில் குந்தி, பூதக்கண்ணாடியை எடுத்து நாலு காலையும் பார்த்தார். "திருப்பி வெச்சிருக்கீங்க. சுத்துங்க" என்றார். சுற்றி வைத்தார்கள். நாலும் இறங்கின.

அஞ்சலை அக்கா அடுப்பைக் கையால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு தடவை, இந்த முறை இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்தார். பிறகு அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆண்கள் நாலு பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாரிமுத்துதான் வாயைத் திறந்தார்.

"அக்கா, அழுது முடிச்சதும் மாவு பெசைவீங்களா? தூக்குனதுல ரொம்பப் பசிக்குது."